பார்க்காமல் போட்ட விலை

2022 ஏப்ரல் மாதம் முழுக்க நான் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தேன்: டிராஃப்டில் முதல் பத்து இடத்துக்குள் சேஃப்டியை எடுக்கிறவன் மடையன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். நான் நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகன். அந்த வருடம் எங்கள் அணியின் கையில் 5, 7 என்று இரண்டு இடங்கள் இருந்தன. நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் கைல் ஹாமில்டனை 7-வது இடத்தில் எடுத்தால் என்ன என்ற பேச்சு ரசிகர்களிடையே அடிபட்டது. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அமெரிக்கன் ஃபுட்பால் பழகாதவர்களுக்காக: தடுப்பு அணியின் 11 பேரில் எல்லோருக்கும் பின்னால், பத்துப் பதினைந்து கஜம் தள்ளி நிற்பவர் சேஃப்டி. வழக்கமாக இரண்டு பேர் இருப்பார்கள். முன்வரிசைகளைத் தாண்டிப் பந்து வந்துவிட்டால் மறிப்பதற்கு அவர்களைவிட்டால் ஆளில்லை. டிராஃப்ட் என்பது 32 அணிகளும் ஆண்டுக்கொரு முறை கல்லூரி வீரர்களை வரிசைப்படி பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு. போன பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை.

என் வாதம் பணத்தை வைத்து நின்றது. 2011-இல் வீரர்கள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, புது வீரரின் சம்பளம் அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. 7-வதாக வருபவர் டேக்கிளாக இருந்தாலும் சேஃப்டியாக இருந்தாலும் நான்கு வருடத்துக்கு அதே தொகைதான். வெளிச்சந்தையில் நிலவரம் வேறு. பந்தை வீசும் குவாட்டர்பேக், அவரைக் காக்கும் டேக்கிள், அவரைத் துரத்தும் எட்ஜ் வீரர் எல்லாம் எட்டாத விலை. சேஃப்டி அதைவிட எவ்வளவோ குறைவு. அதனால் விலை கூடியவனை டிராஃப்டில் மலிவாகப் பிடி, விலை குறைந்தவனைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கு. வாதம் சரியானதுதான். இன்றைக்கும் நான் அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சாட்சிக்கு ஒரு பட்டியலும் வைத்திருந்தேன். 2006-இல் மைக்கேல் ஹஃப் 7-வது, டான்டே விட்னர் 8-வது. 2007-இல் லரான் லாண்ட்ரி 6-வது. 2012-இல் மார்க் பாரன் 7-வது. அவர் பின்னாளில் சேஃப்டி இடத்தையே விட்டு, முன்வரிசைக்கு அடுத்து நிற்கும் லைன்பேக்கராக மாறிப்போனார். 2017-இல் ஜெட்ஸ் அணி ஜமால் ஆடம்ஸை 6-வதாக எடுத்தது. அதே டிராஃப்டில் 10-வதாகப் போனவர், பிற்பாடு பெரிய நட்சத்திரமான குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொல்வேன். எதிரில் இருப்பவர் வாயடைத்துப்போவார்.

பட்டியலில் இல்லாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். 2010-இல் கான்சஸ் சிட்டி 5-வதாக எடுத்த எரிக் பெரி, பருவத்தின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் மூன்று முறை இடம்பிடித்தவர். 2004-இல் ஷான் டெய்லர், அவரும் 5-வது. வாஷிங்டனுக்கு, அதாவது எங்கள் பிரிவிலேயே ஆடியவர். 24 வயதில் சுட்டுக் கொல்லப்படும்வரை எங்கள் ஆட்களை நடுக்களத்தில் நடுங்கவைத்தவர். இரண்டு பேரும் மறந்துபோய் விடுபடவில்லை. சொன்னால் வாதம் இளகிவிடும் என்றுதான் சொல்லவில்லை.

என் அக்கா மகன் அப்போது நியூஜெர்சியில் பள்ளி அணிக்கு சேஃப்டி ஆடிக்கொண்டிருந்தான். அக்கா வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு. இலையை எடுப்பதற்கு முன்பே லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். 2021 செப்டம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக ஹாமில்டன் ஆடியது.

“மாமா, பந்தைப் பார்க்காதீங்க. இவரை மட்டும் பாருங்க.”

பந்து ஒரு பக்க எல்லைக்கோட்டை நோக்கிப் போகிறது. ஹாமில்டன் நிற்பது களத்தின் இன்னொரு பக்கம். அங்கிருந்து குறுக்கே அத்தனை தூரமும் ஓடிவந்து, கோட்டுக்குள் கால் இருக்கும்போதே பந்தை இடைமறித்துப் பிடித்துவிடுகிறார். இதை இப்போது விவரிக்க முடிகிறதென்றால், பிற்பாடு பல தடவை போட்டுப் பார்த்ததால். அன்றைக்கு நான் திரையை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, “40 கஜம் ஓட 4.59 வினாடி எடுத்தவன்டா இவன். நீ ஆயிரம் வீடியோ காட்டு, கடிகாரம் பொய் சொல்லாது” என்றேன்.

“அவர் இங்க நேர்க்கோட்டுல ஓடலையே மாமா. எல்லாருக்கும் முன்னாடியே கிளம்பிட்டாரு பாருங்க.”

“நீ சேஃப்டி ஆடுற. உனக்கு சேஃப்டின்னா உசத்தியாத்தான் தெரியும்.”

சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் லேப்டாப்பை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். நான் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்றைய தேதியில் ஹாமில்டன் ஆடிய ஒரு முழு ஆட்டத்தைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தாலும் பெரிதாகப் புரிந்திருக்காது. தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னாலேயே போகும். பந்து கிளம்பும்போது சேஃப்டி பெரும்பாலும் படத்துக்கு வெளியே இருப்பார். அவர் எங்கே நின்றார், எதைப் பார்த்து எந்தப் பக்கம் முதல் அடி வைத்தார் என்பது வீட்டில் சோபாவில் இருப்பவனுக்குத் தெரியாது. 22 பேரையும் ஒரே சட்டத்தில் காட்டும் பதிவு தனியாக உண்டு. நான் அதைத் தேடவில்லை. பணக்கணக்கை நெட்டுருப் போட்டிருந்தேன். அதை ஒப்பிக்க ஆட்டம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பதினாறு வயதுப் பையன் தான் தினமும் செய்கிற வேலையைப் பற்றி ஒன்று சொல்லவந்தான். அதை நான் பந்தியில் சிரிப்பாக்கினேன்.

ஏப்ரல் 28, லாஸ் வேகஸ். 7-வது இடத்தில் ஜயன்ட்ஸ் எடுத்தது அலபாமாவின் டேக்கிள் ஈவன் நீலை. ஆறடி ஏழங்குல ஆள். நான் துள்ளிக் குதித்தேன். ஹாமில்டன் இறங்கி இறங்கி 14-வது இடத்தில் பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போனார். அவர்கள் மார்ச் மாதம்தான் மார்கஸ் வில்லியம்ஸ் என்ற சேஃப்டியை 5 வருடத்துக்கு 7 கோடி டாலர் பேசி வாங்கியிருந்தார்கள். அப்புறம் எதற்கு இன்னொருவர் என்று கேலி செய்தேன்.

செப்டம்பரில் என் கேலிக்குத் தீனி கிடைத்தது. மயாமியோடு நடந்த ஆட்டத்தில் 35-14 என்று முன்னிலையோடு கடைசிக் கால்பகுதிக்குள் போன ரேவன்ஸ் 42-38 என்று தோற்றது. மயாமி குவாட்டர்பேக் டுவா டகோவைலோவா 6 டச்டவுன் வீசினார். அந்த அணியின் டைரீக் ஹில் தடுப்பைத் தாண்டி ஓடிய இடத்தில் ஹாமில்டன் தடுமாறியதும் தெரிந்தது. தொழில்முறையில் அது அவருக்கு இரண்டாவது ஆட்டம், வயது 21. அந்தத் துண்டை வெட்டி அக்கா மகனுக்கு அனுப்பினேன், விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையோடு. எட்டு நாள் கழித்து டல்லஸின் டிமார்கஸ் லாரன்ஸ் எங்கள் குவாட்டர்பேக்கை 3 முறை வீழ்த்தினார்; பெரும்பாலும் நீலைத் தாண்டித்தான் வந்தார். அதை வெட்டி யாருக்கும் அனுப்பவில்லை. “புதுப் பையன், கொஞ்சம் அவகாசம் கொடுக்கணும்” என்றேன்.

அவகாசம் ஓடியது. 2023 செப்டம்பரில் இண்டியானாபொலிஸுக்கு எதிராக முதல் பாதியிலேயே ஹாமில்டன் குவாட்டர்பேக்கை 3 முறை வீழ்த்தினார், அதுவும் பின்னால் நிற்க வேண்டிய சேஃப்டி. அந்தப் பருவத்தில் ஆல்-ப்ரோ முதல் அணி. அதே இலையுதிர்காலத்தில் எங்கள் மைதானத்தில் நீலைப் பார்த்து ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அவர் பொறுக்காமல் கடுமையாகப் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். கூச்சல் போட்டவர்களில் நானும் உண்டு. முந்தைய வருடம் அவருக்காக ஆர்ப்பரித்த அதே தொண்டைதான். 2025-இல் நீலின் ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமையை ஜயன்ட்ஸ் வேண்டாமென்று விட்டது. ரேவன்ஸ் ஹாமில்டனுக்கு 4 வருடத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் எழுதிக்கொடுத்தது.

இதைவிட வெட்கமானது ஒன்று உண்டு. 2023 முடிவதற்குள் அலுவலகத்தில் நான் வேறு பாட்டுக்கு மாறியிருந்தேன். “ஹாமில்டனை எனக்கு அப்பவே பிடிக்கும். டேக்கிள் இல்லாத குறை, அதனாலதான்...” என்று. யாரும் மறுக்கவில்லை. மறுக்கக்கூடியவன் ஒருவன்தான், அவன் அலுவலகத்தில் இல்லை.

அப்படியானால் கல்லூரியில் மின்னிய சேஃப்டியை முதல் பத்தில் எடுக்கலாமா? எடுக்கலாம், அடுத்து இருப்பவரைவிட அவர் வெகுதூரம் மேலே இருந்தால். இருவரும் ஏறத்தாழ சமமென்றால் விலை கூடிய இடத்துக்காரரை எடுப்பதே புத்தி. ஹாமில்டனுக்கு முன்னால் போன 13 பேரில் எல்லோரும் நீலைப் போல சோடை போகவில்லை. ஏய்டன் ஹட்சின்சன், சாஸ் கார்ட்னர் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் வருகிறார்கள். 10-வதாக கேரட் வில்சனை ஜெட்ஸ் எடுத்ததே ஜமால் ஆடம்ஸை சியாட்டிலுக்கு விற்றுக் கிடைத்த இடத்தில்தான். என் தலைமைச் சாட்சி எனக்கு எதிராகத் திரும்பியது இப்படி. ஆனால் வெகுதூரமா, சமமா என்று சொல்ல இரண்டு பேரையும் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கிற வேலை வேண்டாமென்றுதான் நான் விதியைப் பிடித்துக்கொண்டேன்.

திருந்தினேன் என்று எழுத ஆசைதான். 2024 மார்ச்சில் எங்கள் சேஃப்டி சேவியர் மெக்கின்னியை ஜயன்ட்ஸ் போகவிட்டது. கிரீன் பே அவரை 4 வருடத்துக்கு சுமார் 6.8 கோடி டாலருக்கு எடுத்தது. ஊரே எங்கள் நட்சத்திர ஓட்டக்காரர் சேகுவான் பார்க்லி போனதற்கு அழுதுகொண்டிருந்தது. மெக்கின்னிக்காக அழ ஆளில்லை. நானோ, சேஃப்டிக்கு இவ்வளவு பணம் கொட்டுவது கிறுக்குத்தனம், போகட்டும் என்றேன். கிரீன் பேயில் முதல் ஐந்து ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கு ஒன்றாகப் பந்தை இடைமறித்தார். பருவ முடிவில் 8. ஆல்-ப்ரோ முதல் அணி.

அது பிற்பாடு. அவர் போன மறுமாதமே டிராஃப்டில் அவருடைய இடத்துக்கு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டைலர் நூபினை ஜயன்ட்ஸ் எடுத்தது. இரண்டாம் சுற்று, 47-வது இடம். அறிவிப்பு வந்த சூட்டோடு குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன்: “சேஃப்டிக்குச் சரியான விலை. புத்திசாலித்தனமான தேர்வு.”

அக்கா மகனிடமிருந்து ஒரு வரி வந்தது. “அவர் ஆட்டம் எதாவது பார்த்திருக்கீங்களா மாமா?”

“ஹைலைட்ஸ் பார்த்தேன்” என்று பதில் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் யூடியூபைத் திறந்தேன்.