பாலத்துக்கு அந்தப் பக்கம்

சூரியநெல்லி கடைத்தெருவில் இருட்டுவதற்குள் பனி இறங்கிவிடுகிறது. கொழுக்குமலைக்குப் போகும் ஜீப்கள் விடியலுக்காக வரிசையில் காத்திருக்கின்றன. அதுவரை பொழுது போக வேண்டுமே? விடுதி அறையில் ஜீப் ஓட்டுநரும் நானும் ‘சுருளி’ பார்த்தோம்.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் இந்த மலையாளப் படம் 2021 நவம்பரில் சோனி லிவ்வில் வெளியானது. படப்பிடிப்பு நடந்தது இதே இடுக்கி மாவட்டத்தின் குளமாவுக் காட்டில். குற்றவாளி ஒருவனைத் தேடி இரண்டு போலீஸ்காரர்கள் மாறுவேடத்தில் ஜீப் ஏறுகிறார்கள். மரப்பாலம் வரை சக பயணிகள் பரம சாதுக்கள். பாலத்தைத் தாண்டியதும் வாயைத் திறந்தால் வசவு. போகப் போக யார் போலீஸ், யார் குற்றவாளி என்பதே குழம்பிவிடுகிறது.

பார்த்தவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். அற்புதம் என்றனர் சிலர். பிதற்றல் என்றனர் சிலர். வசவுகளை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் 2022ல் தள்ளுபடி செய்தது.

“தலையும் புரியல, வாலும் புரியல சார்” என்றார் ஓட்டுநர். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துத் தமிழர். ஆனாலும் எழுந்து போகவில்லை. முடிந்ததும் கேட்டார்: “நிஜமாவே சுருளின்னு ஒரு ஊர் இருக்கு, தெரியுமா? பாவம், அந்த ஊர்க்காரங்க.”

இருக்கிறது, இதே மாவட்டத்தில். 1964ல் குடியேறிய விவசாயிகள் வெளியேற்றப்பட்ட ஊர்.

அவருடைய கவலைக்குக் காரணம் உண்டு. 1996ல் 16 வயதுப் பெண் ஒருத்தி கடத்தப்பட்டு, 40 நாட்கள் பலரால் சீரழிக்கப்பட்ட வழக்கு சூரியநெல்லியின் பெயரில்தான் வழங்குகிறது. 2000ல் தனி நீதிமன்றம் 35 பேரைத் தண்டித்தது. 2005ல் உயர் நீதிமன்றம் ஒருவரைத் தவிர மற்றவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பை 2013ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய, 2014ல் பெரும்பாலோரின் குற்றம் உறுதியானது. குற்றவாளிகளின் பெயர்கள் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? ஊர்ப் பெயர் மட்டும் மறக்கவில்லை.

“வெளியூர்ல ஊர் பேரைச் சொன்னா ஒரு மாதிரி பாக்கறாங்க சார். நாங்க என்ன தப்பு பண்ணினோம்?”

விடியலுக்கு முன் புறப்பட்டோம். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பாதை என்ற பெயரில் பாறைகள். ஜீப் குதிக்கிறது, முதுகெலும்பு எண்ணப்படுகிறது. 7,000 அடிக்கு மேலே இருக்கும் கொழுக்குமலை தமிழ்நாட்டின் தேனி மாவட்டம். ஆனால் ஜீப் பாதை இருப்பதோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து.

எல்லையைத் தாண்டியதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“பாலம் தாண்டியாச்சு சார். வசவு ஆரம்பிக்கட்டுமா?”

ஆரம்பிக்கவில்லை. வண்டியை நிறுத்தி, குளிருக்கு இதமாகத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். கீழே மேகங்களுக்கு மேல் சூரியன் எழுந்துகொண்டிருந்தது.