துணி தேடிப் போன வழியில் – 4: ஹாமில்டன்

கான்சஸ் சிட்டியிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் ஹாமில்டன் வருகிறது. மிசௌரி மாநிலத்தின் வயல்வெளிகளுக்கு நடுவே, ஏறத்தாழ 1,700 பேர் வாழும் ஊர். ஜே.சி. பென்னி கடைகளைத் தொடங்கியவர் 1875இல் பிறந்தது இங்கேதான். அவருடைய 500ஆவது கடை 1924இல் திறந்ததும் இங்கேதான். பின்னாளில் அந்தக் கடைத்தெரு களையிழந்து, கட்டடங்கள் காலியாகிவிட்டன. இன்று அதே செங்கல் கட்டடங்களில் துணிக்கடைகள். சேலைக்கோ சட்டைக்கோ அல்ல, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் குயில்ட் போர்வைக்காரர்களுக்கென்றே உள்ள கடைகள்.

காரணம் டோன் குடும்பம். 2008 பொருளாதாரச் சரிவில் பெற்றோரின் சேமிப்பு கரைந்தபோது, பிள்ளைகள் அம்மா ஜென்னிக்கு ஒரு பெரிய குயில்ட் இயந்திரமும் அதை வைக்க ஒரு கட்டடமும் வாங்கிக் கொடுத்தார்கள். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றையும் சேர்த்துத் தைத்துக் கொடுப்பதுதான் முதல் தொழில். பிறகு ஜென்னி யூடியூபில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மிசௌரி ஸ்டார் குயில்ட் கம்பெனி வளர வளர, பூட்டிக் கிடந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பாத்திக்குக்கு ஒரு கடை, பூப்போட்ட துணிக்கு ஒன்று, பண்டிகைத் துணிக்கு இன்னொன்று. கூட வந்த கணவர்கள் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கவும் தனியிடம் உண்டு.

பெரிய கடை என்பதாலேயே குயில்ட்காரர்களுக்கு அது பயன்படும் என்றில்லை. ஒரே துணியில் ஆறு மீட்டர் எங்களுக்கு எதற்கு? நாற்பது துணிகளில் கையகலம் கையகலமாகத்தான் வேண்டும். அதை முகம் சுளிக்காமல் வெட்டித் தரும் கடையே பெரிய கடை. 44 அங்குல அகலத் துணியில் கால் கஜம் கேட்டால் 9 அங்குலத்தில் நீளமான ஒரு பட்டைதான் கிடைக்கும். அதில் ஒரு பெரிய பூவை முழுதாக வெட்ட முடியாது. அரை கஜத்தை வெட்டி, அதை நடுவில் இரண்டாக்கினால் 18க்கு 22 அங்குலம். அளவு அதே கால் கஜம்தான், ஆனால் பூ முழுசாக வரும். இதற்குப் பெயர் ஃபேட் குவாட்டர். இங்கே அலமாரி அலமாரியாக அதைத்தான் மடித்து அடுக்கியிருக்கிறார்கள். 5 அங்குலச் சதுரங்கள், 10 அங்குலச் சதுரங்கள், இரண்டரை அங்குலப் பட்டைகளைச் சுருட்டிக் கட்டிய ஜெல்லி ரோல் எல்லாம் உண்டு. ஒரு தொகுப்பின் எல்லா வடிவங்களும் ஒரே கட்டில் வந்துவிடுவதால், நிறம் பொருத்தத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய துணை.

எந்தக் கடைக்குள் போனாலும் நான் முதலில் தேடுவது அடித்துணி அலமாரியைத்தான். பெரிய கட்டிலுக்கான குயில்ட் 90 அங்குலத்தைத் தாண்டும். 44 அங்குலத் துணியென்றால் ஒட்டுப் போட்டாக வேண்டும். 108 அங்குல அகலத்தில் அடித்துணி வைத்திருக்கும் கடைக்காரருக்கு வேலையின் கடைசிக் கட்டம் வரை தெரிந்திருக்கிறது என்று பொருள். துணியை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்ப்பதையும் நான் விடுவதில்லை. கடை விளக்கில் பழுப்பும் சாம்பலும் ஒன்றுபோலத் தெரிந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டு அச்சுகளைப் பார்த்துப் புதிதாக அச்சிட்ட துணிகளிடம் வெகுநேரம் நின்றேன். மஞ்சிட்டிப் பழுப்பு, அவுரி நீலம். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணிகள் மேல்நாட்டுக்காரர்களை மயக்கிய நிறங்கள் இவை. அந்தக் காலப் பெண்கள் விலையுயர்ந்த சீட்டியிலிருந்து பூக்களையும் பறவைகளையும் மட்டும் கத்தரித்து, வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்தார்கள். சிறு துண்டுகூட வீணாகவில்லை.

மாலையில் ஜேம்ஸ்போர்ட். ஹாமில்டனிலிருந்து கொஞ்ச தூரம்தான். எளிய வாழ்வை வலியுறுத்தும் கிறித்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் வாழும் ஊர், குதிரை வண்டிகள் சாலையோரம் போகின்றன. ஞாயிறன்று அவர்கள் கடை திறப்பதில்லை, நாளைப் பார்த்துப் போக வேண்டும். நான் நுழைந்த துணிக்கடையில் மின்விளக்கு இல்லை, கூரைச் சாளரத்தின் வெளிச்சம்தான். வாசலுக்குத் துணியைத் தூக்கிப்போகும் வேலையே இல்லாமல் போயிற்று. அலமாரியில் அச்சுத் துணி குறைவு. ஆழ்ந்த நீலம், திராட்சை ஊதா, அரக்கு, கறுப்பு என்று ஒற்றை நிறங்கள்தான் நிறைந்திருந்தன. ஆமிஷ் குயில்ட்டுகளின் அழுத்தமான அழகு இவற்றிலிருந்துதான் பிறக்கிறது. ஹாமில்டனில் நான் வாங்கிய பூத்துணிகளுக்கு நடுவே வைக்க ஒரு கறுப்பு தேவைப்பட்டது. அங்கே பார்த்தவற்றில் மனம் ஒப்பவில்லை, இங்கே கிடைத்தது. அரை கஜம் கேட்டேன். கடைக்கார அம்மா துணியை மேசையில் விரித்து, நெசவு நேராக இருக்கிறதா என்று நூல் பார்த்து வெட்டினார்.

இனி தென்கிழக்கே, ஒஹையோ ஆற்றங்கரையில் கென்டக்கியின் பதூகா. 1991இல் அங்கே திறந்த தேசிய குயில்ட் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் கடைகளுக்குப் போவதாக இருக்கிறேன்.

(தொடரும்)