கை பழகிய வார்

ஸ்கூபா முக்குளிப்பில் டேங்கை முதுகில் சுமக்க உதவும் பேக்பிளேட்டைக் கையில் கொடுத்தால் பலரும் முதலில் கேட்பது, "இதுக்கா இவ்வளவு விலை?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தகடு. முதுகெலும்புக்கு இடம் விட்டு நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்பு. ஓரங்களில் வார் நுழைய நீள்துளைகள். நடு மடிப்பில் பதினோரு அங்குல இடைவெளியில் போல்ட் துளைகள். கோப்பதற்கு ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நைலான் வார். பஞ்சு இல்லை, பை இல்லை, ஜிப் இல்லை. கடையில் தொங்கும் ஸ்கூபா ஜாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தால், யாரோ பாதியில் விட்டுப்போன வேலை என்று தோன்றும்.

உண்மையில் அது பாதி வேலைதான். மீதியை அணிகிறவர் செய்ய வேண்டும். ஜாக்கெட் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று வரும். உங்கள் உடம்பைத் தொழிற்சாலை ஊகித்துத் தைத்திருக்கும். பேக்பிளேட் யாரையும் ஊகிப்பதில்லை. தோள் எவ்வளவு அகலம், கை எவ்வளவு பின்னால் போகும், முன்பு விழுந்து அடிபட்ட தோள் எது என்பதையெல்லாம் அந்த வாருக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

இது பிறந்த இடத்தைத் தெரிந்துகொண்டால் இந்த வறட்சிக்குக் காரணம் புரியும். வட ஃபுளோரிடாவின் நீர்க்குகைகளில் இறங்குகிறவர்களுக்காக 1979இல் கிரெக் ஃபிளானகன் இந்தத் தகட்டை உருவாக்கினார். வில்லியம் ஹோகார்த் மெயின் அதை மேலும் செப்பனிட்டார். தேவையில்லாத எதையும் உடம்பில் மாட்டாதே என்ற மெயினின் முறைக்கு அவருடைய நடுப்பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் குகைகளில் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் காலில் மாட்டிய ஃபின் ஒருமுறை தரையைக் கிளறிவிட்டால் வண்டல் எழும்பி, விளக்கு எரிந்தும் சொந்தக் கை தெரியாது. அதற்குப் பிறகு எல்லாம் தடவித்தான். அந்த நிமிஷத்துக்காகச் செய்யப்பட்ட பொருள் இது.

எனக்கு இது புரிந்தது கொல்கத்தாவில். 1958இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த மிஹிர் சென்னும், மறுவருஷம் கடந்த ஆரதி சாஹாவும் வாழ்ந்த ஊர் இது. நீந்தத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஹூக்ளியில் தலையை முக்கினால் பழுப்பு, அதற்கும் கீழே கறுப்பு. ஓதம் ஏறி இறங்கும் ஆறு. வண்டல் படியவே நேரமில்லை. ஆற்றில் யாராவது மூழ்கினால் இறங்கித் தேடும் கொல்கத்தா காவல்துறையின் பேரிடர் மேலாண்மைக் குழுவினரால் கண்ணை நம்பி அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

பொழுதுபோக்காக முக்குளிக்கும் நாங்கள் அந்த ஆற்றில் இறங்குவதில்லை. குளத்தில் பழகிவிட்டு அந்தமானுக்குப் போகிறோம். விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம், பிறகு படகு, அப்புறம் ஹாவ்லாக் என்று இன்னும் நாங்கள் சொல்லும் ஸ்வராஜ் தீவு. அங்கே தண்ணீர் இதமான சூடு, பார்வை தூரமாகப் போகும். எந்த வார் போட்டாலும் சமாளித்துவிடலாம். கொக்கி எங்கே என்று குனிந்து பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சௌகரியம்தான் மோசமான பழக்கத்தைத் தருகிறது. அந்தமானில் இறங்குகிறவரும் ஹூக்ளியில் இறங்கப்போவதாக நினைத்தே வாரைக் கோக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் தீர்மானம் உலோகம். எஃகுத் தகடு இரண்டரை, மூன்று கிலோ வரும். அலுமினியம் ஒரு கிலோவை ஒட்டி. உள்நாட்டு விமானத்தில் பதினைந்து கிலோ மூட்டையோடு போகிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் கணக்கு தண்ணீருக்குள்ளும் உண்டு. அந்தமானில் பெரும்பாலும் கிடைப்பது பதினோரு லிட்டர் அலுமினிய டேங்க். நிறைத்த காற்றின் எடை மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல். காற்று தீரத் தீர டேங்க் லேசாகி, கடைசியில் மிதக்கப் பார்க்கும்; ஐந்து மீட்டர் ஆழத்தில் நின்று மேலேற வேண்டிய நேரத்தில் ஆளை இழுக்கும். எஃகுத் தகடு அந்த இழுப்பை முதுகிலேயே ஈடுகட்டும், இடுப்பில் ஈயம் குறையும். ஈயம் அங்கே கிடைக்கும் என்பதால் நான் பயணத்துக்கு அலுமினியம் எடுத்துப்போகிறேன். எஃகு வாங்குகிறவர் உப்புநீர் தாங்கும் 316 ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது வார். பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரே துண்டு. படா பஜாரில் பைக்குத் தைக்கும் நாடா மலிவாகக் கிடைக்கும், அது வேண்டாம். நனைந்தால் துவண்டு, வளையங்களுக்குள் வழுக்கும். விறைப்பான நைலான்தான் வேண்டும். வாரின் நடுப்பகுதி தகட்டின் மேல் துளைகளில் மாட்டிக்கொள்ள, இரு பக்கமும் தோள்மேல் ஏறி, அக்குளுக்கு அடியில் போய், தகட்டின் கீழ்த்துளைகளில் நுழைந்து, இடுப்பைச் சுற்றி முன்னால் வரும். அங்கே ஒரே ஒரு பக்கிள். தொடைகளுக்கு நடுவே தனியாக ஒரு வார், அதன் முனைக் கண்ணி வழியாக இடுப்பு வார் நுழையும். அந்தக் கண்ணி இடித்துப் பக்கிள் தானாகத் திறந்துவிடாதபடி, பக்கிளை நடுவிலிருந்து சற்றே தள்ளி வைக்க வேண்டும்.

தோள் வாரில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். கண்ணாடி முன்னால் நின்று இறுக்குவார்கள். நேரே நின்றால் தகடு கீழே இழுக்கும், நீருக்குள் படுத்தவுடன் எல்லாம் மாறும். நான் பார்க்கும் சோதனை இரண்டு. டேங்கோடு மாட்டிக்கொண்டு, மார்புக்கும் வாருக்கும் நடுவே விரல்களை மடக்கிய கை போக வேண்டும். பிறகு கழுத்துக்குப் பின்னால் கையை விட்டால் தகட்டின் மேல் விளிம்பு விரலில் பட வேண்டும். படாவிட்டால் தகடு கீழே இறங்கியிருக்கிறது. டேங்க் வால்வு எட்டாது. தோள் தளர்ந்துவிட்டதே என்று பயந்து இழுக்க வேண்டாம். டேங்க் புரளாமல் பிடிப்பது இடுப்பு வாரும் தொடை வாரும்தான்.

பிறகு டி-வளையங்கள். மார்பில் இரண்டு, இடது இடுப்பில் ஒன்று, தொடை வாரில் முன்னும் பின்னும் ஒவ்வொன்று. மார்பு வளையத்தின் உயரத்தை அளவுகோலால் குறிக்க முடியாது. கண்ணை மூடி, முழங்கையை மடக்கி, கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பத்து முறை கையைத் தொங்கவிட்டு மறுபடி தூக்குங்கள். விரல் அதே கோட்டுக்கு வந்தால் வளையம் அங்கே. இடது இடுப்பு வளையத்தில் காற்றழுத்தமானி மாட்டும். தகட்டுக்கு மிகவும் நெருங்கினால் டேங்க் அதை மறைத்துவிடும், முன்னால் வந்தால் வயிற்றில் தொங்கும்.

மீந்த வாரை அடக்கவும், சின்னக் கத்தியை இடுப்பில் நிறுத்தவும், விளக்கின் வாலைச் சொருகவும் ரப்பர் வளையம் வேண்டும். இதற்குப் பழைய சைக்கிள் டியூபை மிஞ்சியது எதுவும் இல்லை. லேக் மார்க்கெட் பக்கத்துச் சைக்கிள் கடையில் ஒட்டுப்போட்டு ஓய்ந்த டியூபைச் சும்மாவே தருவார்கள். சோப்பு போட்டுக் கழுவி, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி வாரில் ஏற்றிவிட்டால் அந்தமான் உப்பில் வெகுநாள் தாங்கும். வெடிப்பு கண்டால் வெட்டி எறிந்துவிட்டு அடுத்த வளையம்.

எங்கள் பகுதித் தமிழ்ப் பையன் ஒருவன் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, தோள்ல ஊக்கே இல்லையே, அவசரத்துல எப்படிக் கழட்டுறது?"

"இடுப்பு பக்கிளைத் தட்டு. இடது முழங்கையை உள்ளே மடக்கி வெளியே எடு. சட்டை கழட்டுற மாதிரிதான்."

அவனுக்கு வரவில்லை. தோள் வார் இறுக்கமாக இருந்தது. இரண்டு விரல் அகலம் தளர்த்தினோம், கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. தளர்ச்சியின் முழு அர்த்தம் அதுதான். தோளில் பிளாஸ்டிக் கிளிப் வைத்த வார்களும் விற்கிறார்கள். தோள் மூட்டு மடங்காதவர்கள் தயங்காமல் அதை வாங்கலாம். மற்றவர்களுக்கு அது உடையக்கூடிய இன்னொரு பொருள். கடைசி வழி கத்தரிக்கோல்: இந்த வாரை ஒரே வெட்டில் வெட்ட முடியும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லோடு இறங்கினார்கள். படகில் கயிறு பிடிக்க ஒருவர் இருந்தார். முதுகில் காற்றைச் சுமக்கிறவருக்கு மேலே அப்படி யாரும் இல்லை. பூட்டுவதோடு விடுபடுவதையும் அவரே முன்கூட்டி யோசிக்க வேண்டும். 2019 ஜூன் 16 அன்று ஹௌரா பாலத்தருகே சங்கிலியும் கயிறும் பூட்டி ஹூக்ளியில் இறக்கப்பட்ட மாயவித்தைக்காரர் சஞ்சல் லாஹிரி மேலே வரவில்லை. மறுநாள் உடல் கிடைத்தது. அவருடைய கலை வேறு, எங்கள் பழக்கம் வேறு. ஆனாலும் அன்றிலிருந்து புதிதாக வார் கோக்கிற யாரையும், கழற்றிக் காட்டிய பிறகுதான் நான் தண்ணீரில் இறக்குகிறேன்.

குளத்தில் முதல் நாள் மீனைப் போல நீந்திக் காட்ட வேண்டியதில்லை. ஆழம் குறைந்த பக்கத்தில், அருகில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மாஸ்க் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு முட்டி போட்டு உட்காருங்கள். அழுத்தமானியைக் கழற்றி மாட்டுங்கள். வால்வைத் தொடுங்கள். பக்கிளைத் திறந்து மூடுங்கள். விரல் எங்கே தேடியதோ அங்கே வார் சரியில்லை. கரைக்கு வந்து, அந்த ஒன்றை மட்டும் ஒரு விரல் நகர்த்துங்கள். நனைந்த நைலான் கொஞ்சம் இளகும் என்பதால் முதல் சில முறை இந்த நகர்த்தல் இருக்கத்தான் செய்யும்.

மிச்ச முனையை வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. கனமான உடை போட வேண்டிய குளிர்ந்த கடலுக்கும், வயசோடு வளரும் வயிற்றுக்கும் ஒரு சாண் விட்டுச் சாய்வாக வெட்டி, லைட்டரில் முனையைக் கருக்கினால் நூல் பிரியாது.

யாராவது இரவல் கேட்டால் தகட்டைக் கொடுப்பேன், காற்றுப்பையான விங்கையும் கொடுப்பேன். வாரை மட்டும் உருவி வைத்துக்கொள்வேன். கஞ்சத்தனம் இல்லை, என் கைக்கு நின்ற வளையம் அவர் கைக்குத் தப்பான இடத்தில்தான் நிற்கும். பன்னிரண்டு அடி வார் வாங்கிக்கொண்டு ஒரு சாயங்காலம் வந்து உட்காரட்டும், சாக்பீஸும் டியூபும் என்னிடம் இருக்கின்றன.