சிப்பைப் பார், பிறகு டெர்மினலைத் தேர்ந்தெடு

பழைய ஐபிஎம் எக்ஸ்டி வகைக் கணினிகளை இன்றைய வலையோடு இணைப்பது எனக்கு நெடுநாள் ஈடுபாடு. இதில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த டெர்மினல் புரோகிராம் நல்லது என்பதைத்தான். சீரியல் போர்ட்டில் என்ன சிப் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எக்ஸ்டி காலத்து 8250 சிப், வந்து சேர்ந்த ஒரே ஒரு பைட்டைத்தான் பிடித்து வைத்திருக்கும். 9600 வேகத்தில் ஏறக்குறைய மில்லிநொடிக்கு ஒரு பைட் வந்துகொண்டே இருக்கும். 4.77 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் திரையை உருட்டுவதிலோ வட்டில் எழுதுவதிலோ மூழ்கியிருந்தால், எடுக்கப்படாத பைட்டின்மேல் அடுத்தது வந்து உட்கார்ந்துவிடும். எழுத்துகள் விழுங்கப்படுவது இப்படித்தான். பின்னால் வந்த 16550ஏ சிப்பில் 16 பைட் இடம் உண்டு. அது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லாத கணினியில், ‘கொஞ்சம் நிறுத்து’ என்று எதிர்முனைக்குச் சரியான நேரத்தில் சொல்லத் தெரிந்த புரோகிராம்தான் நல்ல புரோகிராம். அதை நம்பகமாகச் சொல்ல ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் வேண்டும். மூன்றே கம்பியுள்ள மலிவுக் கேபிளை வாங்காதீர்கள்.

இனி டெர்மினல் புரோகிராம்கள். டெலிக்ஸ் வேகமானது, அழகானது. புல்லட்டின் போர்டுகளின் வண்ணத் திரைகளை அது காட்டுவதுபோல வேறெதுவும் காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. கோப்பு இறக்க இசட்மோடம் நெறிமுறை உள்ளேயே இருக்கிறது. பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் சீரியல் போர்ட்டில் செருகும் வைஃபை மோடம் வழியாக டெல்நெட்டில் போகும்போது ஒரு சிக்கல் உண்டு. 255 என்ற பைட்டை டெல்நெட் தன் கட்டளையின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். மோடம் அதைச் சரியாகக் கையாளாவிட்டால் கோப்பு கெடும்.

லினக்ஸ் கணினியில் நுழைந்து வேலை பார்க்க என் தேர்வு எம்எஸ்-டாஸ் கெர்மிட். கெர்மிட் நெறிமுறை 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மெதுவானது என்ற கெட்ட பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது நியாயமில்லை. தொடக்க அமைப்பில் பாக்கெட்டுகள் சிறியவை, அவ்வளவுதான். நீளத்தைக் கூட்டி, பதிலுக்குக் காத்திராமல் பல பாக்கெட்டுகளை அனுப்பச் சொன்னால் நன்றாகவே ஓடும். எம்எஸ்-டாஸ் கெர்மிட் விடி320 முனையத்தையும் நம்பகமாக நடித்துக் காட்டுகிறது. எடிட்டர் திரை சிதறுவதில்லை. ஈதர்நெட் அட்டை கிடைத்துவிட்டால் மைக்கேல் பிரட்மனின் எம்டிசிபி என்ற டாஸ் நெட்வொர்க் புரோகிராம் தொகுப்பு போதும். சீரியல் தொல்லையே இல்லை.

தமிழ் மட்டும் இவை எதிலும் வராது. யூடிஎஃப்-8இல் ‘அ’ மூன்று பைட்டுகள். டாஸ் அவற்றை ஒரு கிரேக்க ஆல்பா, ஒரு மேற்கோள் குறி, ஒரு பிரெஞ்சு எழுத்து என மூன்றாகக் காட்டும். நம் எழுத்து இப்படிச் சிதறுவதைப் பார்க்க எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஒரு வேண்டுகோள். டெல்நெட்டில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகும். வீட்டிலேயே ஒரு ராஸ்பெரி பை வைத்து, பழைய கணினியிலிருந்து அதுவரை டெல்நெட்டிலும் அங்கிருந்து வெளியே எஸ்எஸ்ஹெச்சிலும் போங்கள்.