32 சத்தங்கள்



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரு விசாரணை நடக்கிறது. "ரிட்டயர்டு ஆன மனுஷன் பென்ஷன் பணத்தில் ஓட்டை ஹார்மோனியம் வாங்கியிருக்கிறாராமே?" என்று. மதுரை மச்சினர் ஒரு படி மேலே போய், "அத்தான், போன்ல ஒரு ஆப் போட்டா இந்தச் சத்தமெல்லாம் சும்மா வருமே" என்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரல் வலிக்கிறது. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிவு. கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம். தேர்வு கிடையாது.

நான் வாங்கியது ஹார்மோனியம் அல்ல, சிந்தசைசர். கோர்க் பாலிசிக்ஸ் என்று பெயர். 1981-இல் வந்த ஜப்பான் மாடல். ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும், அதனால் அந்தப் பெயர். நமக்குப் பிடித்த சத்தத்தை அமைத்து, அதன் நினைவில் சேமித்து வைக்கலாம். நான்கு வரிசை, வரிசைக்கு எட்டு. ஆக மொத்தம் 32 சத்தங்கள்.

இது என்னிடம் வந்த கதை இதுதான். 1990களில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவி போன் செய்தாள். (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.) அவள் அப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று இருபது வருடத்துக்கு மேல் இரவெல்லாம் வாசித்த கை. அவர் காலமாகிவிட்டார். வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். பரணில் இருந்த பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்காரர் 300 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். "சார், நீங்க ரேடியோவெல்லாம் ரிப்பேர் பண்ணுவீங்களே, இது எதுக்காவது ஆகுமான்னு ஒரு தடவை பாருங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஓடும் நிலையில் இருந்தால் இதற்கு வெளிநாட்டில் லட்ச ரூபாய்க்கு மேல் விலை உண்டு. அதை முதலில் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். செகண்ட் ஹேண்டில் பொருள் வாங்கும்போது, விற்பவருக்குத் தெரியாத ஒன்று வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லிவிட்டுத்தான் விலை பேச வேண்டும். பிறகு அவர்கள் முன்னாலேயே பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த நிலையையும் காட்டினேன்.

இங்கே கொஞ்சம் பாடம். அந்தக் காலத்துச் சிந்தசைசர்கள் பலவற்றில் ஒரு சின்ன ரீசார்ஜ் பேட்டரி உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சேமித்த சத்தங்கள் மறக்காமல் இருக்க அது வேண்டும். நிக்கல் கேட்மியம் வகை. அதன் ஆயுள் சில ஆண்டுகள்தான். இருபது முப்பது வருடம் மாற்றாமல் கிடந்தால் எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் அது கசியும். கசிந்தது பலகையில் உள்ள செம்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும். நினைவைக் காப்பாற்ற வைத்த பேட்டரியே கடைசியில் நினைவைத் தின்றுவிடும்.

கடைக்காரர்கள் இதை "ஆசிட் லீக்" என்பார்கள். ஆசிட் அல்ல, காரம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. என்னிடம் படித்தவர்களே, காரத்தை எதைக் கொண்டு நடுநிலையாக்குவோம்? சரி, அமிலம். வீட்டு வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். பிறகு காய்ச்சி வடித்த நீர், அதன் பிறகு ஸ்பிரிட். நம் பாடப்புத்தகத்தில் இருந்த அதே சமன்பாடு ஒரு வாத்தியத்தைக் காப்பாற்றும் என்று அன்று உங்களுக்குச் சொல்லியிருந்தால் இன்னும் நாலு பேர் பாஸாகியிருப்பீர்கள்.

எல்லாவற்றையும் பார்த்துப் பேசி 18,000 ரூபாய்க்கு முடிவானது. அவள் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். "நீங்க விக்கிறதா இருந்தா முதல்ல எங்ககிட்ட சொல்லணும் சார்." ஒப்புக்கொண்டேன். கிளம்பும்போது மாணவி கேட்டாள், "அப்பா வச்சிருந்த சத்தமெல்லாம் உள்ளே இருக்குமா சார்?"

பதில் எனக்குத் தெரியும். பேட்டரியைப் பார்த்தபோதே தெரியும். "இருக்காதும்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அறுந்த கோடுகளுக்கு மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைக்க இரண்டு மாதம் ஆனது. உதிரி பாகத்துக்குச் சென்னை ரிச்சி தெருவுக்கு இரண்டு முறை போனேன். பழைய பேட்டரி இருந்த இடத்தில் பட்டன் பேட்டரி. அதற்குள் மின்னோட்டம் பாயாமல் ஒரு டையோடு. லித்தியம் பட்டன் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது, ஆபத்து.

இப்போது மச்சினருக்குப் பதில். போன் ஆப் நன்றாகவே இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பெட்டியில் ஒரு குமிழுக்கு ஒரு வேலை. எல்லாம் கண்முன்னே இருக்கின்றன. ஒலியைப் பற்றி முப்பது வருடம் கரும்பலகையில் அலை வரைந்து பாடம் நடத்தினேன். வரைந்த அலையை ஒரு நாளும் உங்களுக்குக் கேட்கவைக்க முடிந்ததில்லை. இதில் முடிகிறது. ஒரு குமிழ் அலையின் வடிவத்தை மாற்றும். அடுத்தது ஃபில்டர். வாயைக் குவித்து "ஊ" என்று ஆரம்பித்து மெல்லத் திறந்து "ஆ" என்று முடியுங்கள். தொண்டையில் வருவது ஒரே சுருதி, வாய்தான் சத்தத்தை மாற்றுகிறது. ஃபில்டர் செய்வது அதுதான். அதற்கு அடுத்த நான்கும் ஒரு சத்தம் எப்படிப் பிறந்து, தணிந்து, நின்று, மறைகிறது என்பதற்கு. வீணைத் தந்தியை மீட்டினால் சட்டென்று பிறந்து மெல்லத் தேயும். நாகஸ்வரம் ஊதும் வரை நிற்கும், மூச்சை நிறுத்தினால் நின்றுவிடும். நான்கு குமிழில் இந்த வித்தியாசத்தைப் பேத்திக்குக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டாள்.

இன்னொன்று. சூடு ஏறினால் இதன் சுருதி லேசாக நகரும். போட்டு இருபது நிமிடம் கழித்துத்தான் வாசிக்க உட்காருவேன். ஆறு குரலும் இம்மி அளவு வேறுபடுவதால், ஆறையும் சேர்த்து ஒரே சுரம் அழுத்தினால் ஆறு பேர் நின்று பாடுவது போலிருக்கும்.

இவை ஏன் பரணுக்குப் போயின என்று கேட்கலாம். 1983-இல் யமஹா டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் கீபோர்டு வந்தது. உலகம் முழுவதும் வாசிப்பவர்கள் அனலாக் பெட்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்டதை வாங்கியவர்களோ வேறு இசை செய்தார்கள். ரோலண்ட் டிபி-303 என்று ஒன்று. பாஸ் கிட்டார் வாசிப்பவருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளச் செய்த சின்னப் பெட்டி. சரியாக விற்காமல் 1984-இல் நிறுத்தினார்கள். சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவினர் பழைய விலைக்கு ஒன்றை வாங்கி, குமிழ்களை இஷ்டத்துக்குத் திருகினார்கள். 1987-இல் வந்த அவர்கள் இசைத்தட்டிலிருந்து ஒரு புதிய நடன இசையே பிறந்தது. அதற்கும் முன்பே, 1982-இல், பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதே 303-ஐ வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்திருந்தார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுபடி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

நம் ஊர்க் கதையும் உண்டு. ஏ.ஆர்.ரஹ்மானின் தந்தை ஆர்.கே.சேகர் மறைந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அப்பா சேர்த்துவைத்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நாள் கடத்தியது. ஒரு வாத்தியம் வாசித்தவருக்குப் பிறகும் வீட்டுக்குச் சோறு போடும்.

சீக்வென்சர் என்று இன்னொன்றும் வாங்கினேன். இதுவும் பழையதுதான், சென்னையில் ஒரு தம்பி விற்றது. கோர்க் எஸ்க்யூ-1, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. இது தானாகச் சத்தம் எழுப்பாது. எப்போது, எவ்வளவு என்று மற்ற பெட்டிக்குச் சொல்லும். நட்டுவனார் ஆடுவதில்லை அல்லவா, அதுபோல. வரிசைக்கு எட்டாக இரண்டு வரிசைக் குமிழ்கள். ஒவ்வொன்றும் ஒரு மின்னழுத்தம். அதை பாலிசிக்ஸின் ஃபில்டருக்குக் கொடுத்தால், பிடித்து வைத்த சுரம் எட்டுத் தட்டுக்கு எட்டு விதமாக வாய் திறந்து மூடும். மேல்நாட்டுக் கணக்குப்படி எட்டு. ஒரு படியை அணைத்துவிடலாம். அணைத்தால் ஏழு. தகிட தகதிமி, தகிட தகதிமி. மிஸ்ர சாபு வந்துவிட்டது! மூன்றை அணைத்தால் கண்ட சாபு. பேத்தி தொடையில் தட்டிக்கொண்டே வீடெல்லாம் சுற்றுகிறாள்.

இனி அந்த நோட்டு. பெட்டி உயிர் பெற்றபோது 32 இடத்திலும் குப்பைதான் இருந்தது. ஆனால் நோட்டில் பக்கத்துக்கு ஒரு சத்தம் பென்சிலால் வரைந்திருந்தது. குமிழ்கள் எல்லாம் வட்டங்கள், முனை எங்கே நிற்க வேண்டும் என்பது கடிகார முள் போல ஒரு கோடு. மேலே தலைப்பு: "மழைப் பாட்டு வயலின்", "பேய்ப் படம்", "மாப்பிள்ளை அழைப்பு நாதஸ்வரம்". 32 சத்தம் போதாமல் கச்சேரிக்குக் கச்சேரி மாற்றிக்கொள்ள எழுதிவைத்திருக்கிறார். பேட்டரி மறந்ததைப் பென்சில் மறக்கவில்லை.

நாதஸ்வரப் பக்கத்தை எடுத்து, கோட்டுக்குக் கோடு திருகிவைத்து, மாணவியையும் அவள் அம்மாவையும் வீட்டுக்கு அழைத்தேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு மோகனம் வாசித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் மாணவி சொன்னாள்: "சத்தம் அப்பாதான் சார். ஆனா அப்பா இடது கையால ஏதோ பண்ணிட்டே இருப்பார்."

இடது பக்கம் ஒரு சக்கரம் உண்டு. சுருதியை வளைப்பது. கமகத்துக்கு அதைத்தான் அசைத்திருப்பார். எவ்வளவு, எப்போது என்று நோட்டில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு அதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எனக்கு அது வரவில்லை. வருமா என்றும் தெரியாது. தினமும் அரை மணி நேரம் சக்கரத்தோடு உட்காருகிறேன்.

கடைசியாக வீட்டுப்பாடம்.

1. வீட்டுப் பரணில் பழைய கீபோர்டு இருந்தால், எடைக்குப் போடும் முன் தெரிந்தவரை அழைத்து உள்ளே பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் பின்பக்கம் வோல்டேஜ் பாருங்கள். ஜப்பானுக்குச் செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தது 120. நேராக நம் பிளக்கில் செருகினால் புகைதான்.

3. ஆறு குரல் பெட்டி என்றால் ஒரே கட்டையை ஆறு முறை அழுத்திக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த குரல் பேசும். எது ஊமை என்று தெரிந்துவிடும்.

4. எல்லாக் குமிழையும் திருகுங்கள். கொரகொர என்றால் பயப்பட வேண்டாம், தூசுதான். அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

5. வீட்டில் வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ எடுங்கள். முகத்தை எடுத்தது போதும், கையை எடுங்கள். இரண்டு கையையும்.

திருச்சிப் பக்கம் வருபவர்கள் வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு, மிஸ்ர சாபு உண்டு.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்