குறட்டை நின்றுபோகும் அந்த நொடிகள்

பெருமுக்கல் மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு. இரவு 10 மணிக்கெல்லாம் அந்த வீட்டுக்காரரின் குறட்டை தெரு வரைக்கும் கேட்கும். மரக்காணம் உப்பளத்தில் வேலை. விடியும் முன்பே டூவீலரில் கிளம்ப வேண்டும். "உழைச்ச உடம்பு, நல்லா தூங்குது" என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள்.

மனைவிக்கு மட்டும் சிரிப்பு வராது. சத்தம் அவருக்குப் பழகிவிட்டது. திடீரென அது நின்றுபோவதுதான் பயம். சில நொடிகள் மூச்சே இருக்காது. பிறகு, தண்ணீரில் மூழ்கி எழுந்தவர்போல ஒரு திணறல், மறுபடியும் குறட்டை.

காலையில் சொன்னால், "அசதி புள்ள, ஒண்ணுமில்ல" என்பார். ஒருநாள் வண்டி ஓட்டும்போதே கண் செருகி, சாலையோரப் பள்ளத்தில் விழுந்தார். அன்றிரவு மனைவி செல்போனில் அந்தக் குறட்டையைப் பதிவு செய்தார். மறுநாள் அதை டாக்டரிடம் போட்டுக் காட்டினார்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். மூச்சு போகும் வழி குறுகினால் அங்குள்ள சதை அதிரும், அதுதான் குறட்டை. வழியே அடைபட்டு, 10 நொடிக்குக் குறையாமல் மூச்சு நின்று நின்று வந்தால் அது 'ஸ்லீப் ஆப்னியா'. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை உலுக்கி எழுப்பும். தூங்கியவருக்குக் காலையில் எதுவும் நினைவிருக்காது. மணிக்கு 30 முறைக்கு மேல் மூச்சு தடைபட்டால் நோய் தீவிரம் என்று அர்த்தம். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் வரும் ஆபத்து கூடும்.

2023-ல் வெளியான 'குட் நைட்' படத்தில் ஹீரோவின் குறட்டைக்குச் சிரித்தோம். அதற்கு முந்தைய ஆண்டு, 2022 பிப்ரவரி 15-ல், இசையமைப்பாளர் பப்பி லஹிரி தன் 69-வது வயதில் இறந்தார். மருத்துவமனை சொன்ன காரணங்களில் ஒன்று, இந்த ஸ்லீப் ஆப்னியா.

எல்லாக் குறட்டையும் நோயல்ல. சிலருக்கு எடையைக் குறைப்பது, மதுவை விடுவது, ஒருக்களித்துப் படுப்பது போன்றவையே பலன் தரும். மூச்சு நின்று நின்று வந்தாலோ, பகலில் தூங்கி வழிந்தாலோ பரிசோதனை அவசியம்.

அவருக்கு டாக்டர் பரிந்துரைத்தது, மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சு வழியைத் திறந்தே வைக்கும் 'சிபாப்' கருவி. சீட்டுப் பணம் எடுத்து வாங்கினார்கள். "அப்பா பைலட் ஆயிட்டாரு" என்று பிள்ளைகள் கிண்டல் செய்கிறார்கள்.

வெகுநாள் கழித்து, அந்த அம்மாவும் விடியும்வரை தூங்குகிறார்.