பெட்டி பெரிதா, பாட்டு பெரிதா?

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் பிழைப்புக்கு வாங்கும் கருவியில் சிக்கனம் பார்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் நியாயம்தான். இந்த வழக்கு எங்கள் குடும்பத்திலேயே எழுந்து, தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தாய்மாமனான என் தலையில் விழுந்தது.

என் தங்கை மகன் பகாவில், வீட்டின் பின்னறையில் ஒலிப்பதிவுத் தொழில் நடத்துகிறான். கோயில் பாடல்கள், கல்யாண வாழ்த்து, உறுமி மேளம் என்று சிரம்பான், கோலப்பிலா, தம்பின் வட்டாரங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவனுக்கு 9,000 வெள்ளியில் புதிய ஒலிப்பதிவுப் பெட்டி வாங்க ஆசை. கையில் பாதிதான் இருந்தது. மீதிக்குத் தாயின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போக வேண்டும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் இது ஐந்து மாத உழைப்புக்கு மேல்!

"அண்ணே, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று தங்கை அழைத்தாள். முப்பது ஆண்டுகள் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவன் என்பதால் என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

மைத்துனர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். "மரம் சீவுறவனுக்குக் கத்தி தீட்டியிருந்தா போதும். பிடிக்கு வெள்ளிப் பூண் எதுக்கு?" என்றார்.

"கத்தியே மழுங்கிப் போச்சுன்னா என்னப்பா செய்யிறது?" என்று திருப்பினான் மகன். "மாமா, ரஹ்மான்கூட 1989இல் வீட்டுப் பின்புறத்தில்தான் ஒலிப்பதிவுக்கூடம் கட்டினார். நல்ல கருவிகள் இருந்ததாலேதானே 1992இல் 'ரோஜா' வந்தது?"

நல்ல கேள்விதான். ஆனால் ரஹ்மான் சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த குடும்பம் அது. பிறகு அவர் பல இசையமைப்பாளர்களிடம் வாசித்தார், விளம்பரங்களுக்கு இசையமைத்தார். அந்த வீட்டில் கருவி முதலில் சோறு போட்டது. கூடம் அதற்குப் பின்னால் வந்தது.

ஒலிநாடா காலத்தில் விலைக்கும் தரத்துக்கும் நேரான தொடர்பு இருந்தது உண்மை. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கேசட்டில், நொடிக்கு 4.76 செண்டிமீட்டர் நாடாதான் ஓடும். பெரிய ஒலிப்பதிவுக்கூட இயந்திரத்தில் 38 செண்டிமீட்டர் ஓடும். அதே ஒரு நொடிக் குரலுக்கு எட்டு மடங்கு இடம்! நாடாவும் அகலம். கூடுதல் காசுக்குக் கூடுதல் தெளிவு கிடைத்தது.

இன்றைய கணக்கு வேறு. மனிதக் காது நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். வயதானால் அதுவும் குறையும். 1982இல் வந்த குறுந்தட்டு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து வைக்கிறது. காதின் எல்லைக்குத் தேவையானதைவிட இதுவே கொஞ்சம் அதிகம். இன்று விற்கும் சிறிய பெட்டிகளே இந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தட்டைப் பதிவு செய்தது நான்கு தட இயந்திரங்களில்தான்!

அப்படியானால் ஒலி எங்கே கெடுகிறது? அறையில். சிமெண்டுச் சுவரும் வழுக்குத் தரையும் குரலைத் திருப்பியடிக்கும். மைக்கில் கெடுகிறது, பாடுபவர் அதிலிருந்து எவ்வளவு தூரம் நிற்கிறார் என்பதில் கெடுகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம்.58 மைக் 1966இல் வந்தது. இன்றும் மேடைதோறும் நிற்கிறது. கணினியோடு இணைக்கும் பெட்டிகளோ, கணினியில் செருகும் துளை மாறினாலே மூலைக்குப் போய்விடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அம்மாவின் பழைய கேசட் ஒன்றைப் போடச் சொன்னேன். லயத்து வீட்டில், தூளியை ஆட்டிக்கொண்டு பேத்திக்கு அவர் பாடிய தாலாட்டு. மலிவான டேப்பில் பதிந்தது. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தமும் சேர்ந்து கேட்கிறது. அம்மா இப்போது இல்லை, அந்த லயமும் இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டேப் என்ன விலை என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு வரிகளை மழை விழுங்கிவிட்டது. அந்தச் சொற்கள் இனி எவருக்கும் கிடைக்கப்போவதில்லை. தரமும் வேண்டியதுதான் என்று மருமகன் சொன்னதில் பொய் இல்லை.

கடைசியாக அவனிடம் ஒன்று கேட்டேன்: "இந்தப் பெட்டி இல்லாததாலே எந்த வேலையைத் திருப்பி அனுப்பினே?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "உறுமி மேளம், மாமா. எட்டுப் பேர் சேர்ந்து அடிக்கணும். என் பெட்டியிலே ரெண்டு மைக்தான் மாட்டலாம். தனித்தனியாப் பதிஞ்சா தாளத்தில் உயிர் இல்லை. ரெண்டு குழுவைத் திருப்பி அனுப்பிட்டேன்."

தீர்ப்பு அந்தப் பதிலிலேயே இருந்தது. எட்டு மைக் மாட்டக்கூடிய பழைய பெட்டி ஒன்றைக் கைமாற்றாக 2,000 வெள்ளிக்கு வாங்கினோம். இன்னொரு 1,500 வெள்ளியில் நல்ல மைக்குகள். சுவருக்குக் கனமான திரை, தரைக்குக் கம்பளம், மூலைகளில் பழைய மெத்தைகள். எல்லாம் சேர்ந்து 4,000 வெள்ளியைத் தாண்டவில்லை. வளையல்கள் தங்கையின் கையிலேயே இருக்கின்றன. உறுமிக் குழுக்களும் வர ஆரம்பித்துவிட்டன.

தொழிலுக்குக் கருவி வாங்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களே, தடுக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு அடகு வைக்கவும் வேண்டாம். இது இல்லாமல் எந்த வேலை நின்றது என்று மட்டும் கேளுங்கள். பெயர் சொல்லிக் காட்டினால் கொடுங்கள். 'எல்லாரும் வைத்திருக்கிறார்கள்' என்றால் பொறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் தோட்டத்துக் கேசட்டுகள் கிடக்கலாம். நாடாவுக்கும் ஆயுள் உண்டு. பூஞ்சை பிடித்து அழியுமுன் அவற்றை மாற்றிப் பதிந்து வையுங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிமார் இருந்தால், கையிலிருக்கும் தொலைபேசியே போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், கிட்டே வைத்துப் பதியுங்கள். நல்ல பெட்டி வாங்கும்வரை குரல் காத்திருக்காது.